நாலாம் பாடம்

ஹோட்டல் ஊழியர்களுக்கான மாலை ஆங்கில வகுப்பில் 'ஐ ஆம் கோயிங்' என்று பிழையில்லாமல் சொன்ன மூன்று பேர், வாசலைத் தாண்டியதும் காணாமல் போனார்கள். முதலில் சமையல்காரர், பிறகு தோட்டக்காரர், கடைசியில் லிஃப்ட்காரர். வெளியே வெறும் வராந்தாதான். ஒளிய ஒரு தூண்கூடக் கிடையாது.

வாத்தியார் புத்தகத்தைத் திறக்கிற ரகமில்லை. பந்தை வீசுவார், பிடித்தவர் பேச வேண்டும். ஜோடி சேர்த்துவிடுவார், நடிக்க வேண்டும். "தப்பாப் பேசினாலும் பரவாயில்ல, வாயைத் திறங்க" என்பார். நாலாம் பாடமான விடைபெறுதலில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல நாக்கு வராத சனம், யாரைக் கேட்டாலும் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்றது. "போறதுன்னா போறதுதான், அதுல என்ன வர்றது?" என்று சிரித்தார்.

லிஃப்ட்காரருக்கு 'சரிங்க' என்றே பெயர். எதையும் மறுத்துப் பேசி அறியாதவர். சலவைப் பிரிவில் இஸ்திரி போடும் அவர் மனைவியையே வாத்தியார் ஜோடியாக நிறுத்தினார்: புருஷன் வேலைக்குக் கிளம்புகிறான், பெண்டாட்டி வழியனுப்புகிறாள். ஏற்கெனவே இரண்டு பேர் போன கதை தெரிந்தவள், "வேணாங்க, தப்பாவே சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள். அவரும் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியார் அலுத்துக்கொண்டதும் "சரிங்க" என்றார், சரியாகச் சொன்னார், வகுப்பே கைதட்ட வெளியே நடந்தார்.

அவள் மேனேஜரிடம் முறையிட்டாள். "சரியாத்தானே சொல்லியிருக்கார், இதுல என்னம்மா புகார்?" என்றார் அவர். வயிற்றெரிச்சலோடு வகுப்புக்கே திரும்பினாள். போக வைக்கிற இங்கிலீஷ் இருந்தால் வர வைக்கிற இங்கிலீஷும் இருக்கத்தானே வேண்டும்? 'கம்', 'கம் பேக்', 'ப்ளீஸ்' என்று வராந்தாவைப் பார்த்துச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. உச்சரிப்பு சுத்தம் என்றார் வாத்தியார். ஒன்பதாம் பாடத்தில் அவர் பந்தை அவளிடம் வீசி, 'சீ யூ லேட்டர்' சொல்லச் சொன்னார்.

"அப்படின்னா?"

"அப்புறம் பார்க்கலாம்னு அர்த்தம். உங்க 'போயிட்டு வரேன்' மாதிரிதான்."

"இதை அன்னிக்கே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே சார்?"

"ஒன்பதாம் பாடத்துலதானேம்மா வருது. வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவள் பந்தை மேஜையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனாள். புருஷன் போன இடத்துக்கே போய்விடலாமென்று வீட்டில் 'ஐ ஆம் கோயிங்' என்று சொல்லிப் பார்த்தாள். வகுப்புக்கு வெளியே அது பலிக்கவில்லை. எடுத்த பாடத்தை மறுபடி எடுக்கும் வழக்கமோ வாத்தியாருக்குக் கிடையாது.

சில வருடம் கழித்து ஹோட்டலில் வியாபாரம் படுத்தது. ஆளையும் குறைக்க வேண்டும், ஆளை விரட்டிய கெட்ட பெயரும் கூடாது. நிர்வாகம் நாலாம் பாடத்தை மட்டும் மறுபடி நடத்தச் சொன்னது. பாதிப் பேர் காய்ச்சல் என்று லீவு போட்டார்கள். மீதிப் பேர் வாயில் இங்கிலீஷே வராதவர்கள்போல நடித்தார்கள், வாத்தியார் கற்றுக்கொடுத்த நடிப்பு அப்போதுதான் உதவியது. இஸ்திரிக்காரி மட்டும் யாரும் கூப்பிடாமலே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஜோடி வேண்டாம் என்றாள். ஒரே மூச்சில், ஒரு பிழையுமில்லாமல் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள். வாத்தியார் கைதட்டினார். அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. அதற்காகத்தானே பாடம் நடத்தினார்கள்.