போலீஸ் மாமா வந்த நாள்

வெளிநாட்டுக்கு வந்து ஒரு வருஷம் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த இவள், குழந்தைகள் காப்பகத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கப் போனதற்கு ஒரே காரணம்தான். அங்கே உதவியாளர் இடம் ஒன்று காலியாகப் போகிறது. தன்னார்வலர்களில் ஒருத்திக்கே அதைக் கொடுப்பதாக நிர்வாகியம்மா சொல்லியிருந்தார்.

தமிழ்ச் சங்கத் தலைவியும் அங்கே சேவை செய்ய வருவாள். சேவை என்றால், ஏதாவது ஒரு குழந்தையை மடியில் இழுத்து வைத்து நாலு போட்டோ. குழந்தைகள் முகம் தெரியக் கூடாது என்பது விதி. ஆகவே எல்லாப் படத்திலும் ஒரு பின்மண்டையும் தலைவியின் பல்வரிசையும்தான்.

"ஏம்மா, இதுக்கு மூக்கைத் துடைச்சு விடேன். எனக்குக் குமட்டுது."

"சேவைன்னா மூக்கும் சேர்த்துதானேக்கா?"

"வாய் ஜாஸ்தி உனக்கு. உன் வீட்டுக்காரர் எங்க வீட்டுக்காரருக்குக் கீழதானே வேலை பாக்கறார்?"

எந்தப் பேச்சும் தலைவிக்கு அங்கேதான் போய் முடியும்.

செவ்வாய்க்கிழமை, அங்கிருந்த ஒரே தமிழ்க் குழந்தை, மூன்று வயது வாண்டு, தட்டைத் தள்ளிவிட்டது. வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும், அதுதான் அங்கே முறை. தலைவிக்கு அதெல்லாம் ஆகுமா? சிரித்த முகம் மாறாமல் குனிந்தாள்.

"சாப்பிடலைன்னா போலீஸ் மாமா வந்து சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவாரு."

வாண்டு மளமளவென்று விழுங்கியது. தமிழ் தெரியாத நிர்வாகியம்மா, "எவ்வளவு அன்பு உங்களுக்கு" என்று உருகினார். அன்பாம் அன்பு என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டதோடு சரி.

வியாழக்கிழமை நிஜமாகவே ஒரு போலீஸ்காரர் வந்தார், சாலையைக் கடக்கச் சொல்லிக்கொடுக்க. தோளில் பெரிய துணிப்பை, உள்ளே பொம்மை சிக்னல் விளக்குகள். வாண்டு பையைப் பார்த்ததுதான் தாமதம், அலறிக்கொண்டு மேசைக்கு அடியில் போய் முடங்கியது.

"நான் சாப்ட்டுட்டேன். சாப்ட்டுட்டேன்."

"என்ன சொல்றா?" என்றார் நிர்வாகியம்மா.

"பசிக்குதாம்," என்று கூசாமல் மொழிபெயர்த்தாள் தலைவி.

போலீஸ்காரர் நல்ல மனுஷன். ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தார். வாண்டு பயத்தில் முடங்கிய இடத்திலேயே ஒன்றுக்குப் போய் நனைந்துவிட்டது.

இவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "பசியில்ல. போலீஸ் பிடிச்சிட்டுப் போவாருன்னு இவங்கதான் மிரட்டி வச்சிருக்காங்க," என்று அந்த ஊர் பாஷையில் போட்டு உடைத்தாள்.

நிர்வாகியம்மா முகம் கறுத்தது. "எப்போ?"

"முந்தாநாள்."

"நீ கூட இருந்தியா?"

"இருந்தேன்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

வீட்டுக்காரர் வேலை, மேலதிகாரி, அவர் பெண்டாட்டி என்று ஒரு நீளமான பதில் தொண்டை வரை வந்தது. நினைக்கவே இவளுக்கு அருவருப்பாக இருந்தது. "பயந்துட்டேன்," என்றாள்.

"அந்த உதவியாளர் இடத்தை வேற யாருக்காவது கொடுக்கிறேன்," என்றார் நிர்வாகியம்மா. தலைவியிடம் வாசலைக் காட்டினார்.

தலைவி கைப்பையை மாட்டிக்கொண்டாள். "நல்லதுக்குத்தானே சொன்னேன். நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்?"

"ஆமாக்கா. வளர்ந்த லட்சணம்தான் தெரியுதே."

கதவு சாத்தியதும் இவள் மண்டி போட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள்.

"போயிட்டாரா?" என்றது வாண்டு.

"போலீஸ் மாமா இங்கதான் இருக்கார். அந்த ஆன்ட்டிதான் போயிட்டாங்க."

வாண்டு யோசித்துவிட்டு இரண்டு கையையும் நீட்டியது.