ஆயிரத்து இருநூற்று நாற்பது பேர்

அச்சடித்த அறிக்கையில் அந்த எண்ணைப் பார்த்ததும் ஆக்சிலியாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ‘பயனடைந்த பொதுமக்கள்: 1,240.’ கோபம் பிறகு வந்தது. வந்த கோபம் போகவில்லை.

போர்ட் பிளேரில் அவள் படிக்கும் பள்ளியின் ரோபோ அணியில் ஐந்து பேர். கடற்கரைக் குப்பையைப் பொறுக்கும் ரோபோ ஒன்றைச் செய்திருந்தார்கள். ஆனால் போட்டிக்கு ரோபோ மட்டும் போதாது. அதை ஊருக்குள் கொண்டுபோய் நாலு பேருக்குக் கற்றுக்கொடுத்தோம் என்றும் காட்ட வேண்டும். அதற்குத் தனிக் கேடயம் உண்டு. ரோபோ தேறினால் அணி சென்னைக்குப் போகலாம். ஆக்சிலியா பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட மெயின்லேண்டை மிதித்ததில்லை. அப்பா ஜேசுதாசன் குளச்சலிலிருந்து மீன்பிடிக்க வந்தவர். வந்தவர் திரும்பிப் பார்க்க வழியே இல்லாமல் போயிற்று. சென்னை என்று வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை, கண் பட்டுவிடும் என்று பயம்.

அறிக்கை எழுதியவர் ரவிசங்கர் சார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மோட்டார் கருகிப்போனால் தன் கையிலிருந்து வாங்கிக் கொடுக்கிற மனுஷன். எண் விஷயத்தில் மட்டும் தாராளம் கொஞ்சம் அதிகம். ஒரு திங்கட்கிழமை ரோபோவை சாத்தம் துறையில் ஃபெரியில் ஏற்றினார். பேனர் பிடித்துக்கொண்டு, ஆக்சிலியாவின் வீடிருக்கும் எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்கும் சாத்தத்துக்குமாக நான்கு நடை. நடைக்கு முன்னூற்றுப் பத்து பேர் என்று வைத்து நாலால் பெருக்கிவிட்டார். அதில் ஸ்கூட்டர் மேல் சாய்ந்து தூங்கியவர் உண்டு. “இது மாவு அரைக்குமா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போன அம்மாள் உண்டு. கம்பியில் கட்டியிருந்த ஆடுகளை விட்டுவிட்டார் என்றே நம்புவோம். அணிப் பிள்ளைகளை மட்டும் விடவில்லை.

“சார், இந்தக் கணக்குல நானே நாலு தடவ இருக்கேன்” என்றாள் ஆக்சிலியா.

“அரே, எல்லா டீமும் பண்றதுதான் இது. இன்னொரு ஸ்கூல்காரங்க ஐயாயிரம்னு போட்டிருக்காங்க, தெரியுமா? மேடையில ஏறு, படி, இறங்கு. அவ்வளவுதான்.”

“நம்ம பாம்பூஃப்ளாட் கிளாஸ் இருக்கே சார். அதச் சொல்லலாமே.”

“பதினொரு பேரா? சிரிப்பாங்கம்மா.”

அந்தப் பதினொரு பேரும் மீனவர் வீட்டுப் பெண்கள். போன மழைக்காலத்தில் இரண்டு டுங்கிகள், அதாவது தீவின் சின்ன மரப்படகுகள், அடியில் தண்ணீர் ஏறியது தெரியாமலே மூழ்கின. ஆட்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள், அது மாதா புண்ணியம். அதற்குப் பிறகுதான் ஆக்சிலியா ஆறு சனிக்கிழமைகள் மாதா கோயில் ஹாலில் உட்கார்ந்து, தண்ணீர் ஏறினால் கத்துகிற டப்பா செய்யக் கற்றுக்கொடுத்தாள். பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய மிதவை, இரண்டு ஒயர், ஒரு பேட்டரி, ஒரு பஸ்ஸர், அவ்வளவுதான். தண்ணீர் மிதவையைத் தூக்கினால் ஒயர்கள் தொட்டுக்கொள்ளும். டப்பா ஊரைக் கூட்டும். சார் அந்த வகுப்புக்கு ஒருநாள்கூட வந்ததில்லை. வந்திருந்தாலும் போட்டோவுக்கு லாயக்கில்லாத ஹால் அது.

போட்டி நாளில் ஆக்சிலியா மேடை ஏறினாள். கையில் காகிதம் இருந்தது. எழுத்தெல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த நடுவர் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “எத்தனை பேருக்குக் கத்துக் குடுத்தீங்க?” என்று கேட்டார்.

“பதினொரு பேருக்கு மேடம்.”

முதல் வரிசையில் ரவிசங்கர் சார் தொண்டையைக் கனைத்தார். நடுவர் தன் முன்னாலிருந்த தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “இங்க ஆயிரத்து இருநூத்து நாப்பதுன்னு இருக்கே?”

“அவங்க ஃபெரில வந்தவங்க மேடம். எங்களப் பாத்தாங்க. பாத்ததுக்கும் கத்துக்கிட்டதுக்கும் வித்தியாசம் இருக்கு. இந்தப் பதினொரு பேர் கையால செஞ்சாங்க. பேர் சொல்லவா?”

சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். தன் அம்மா சகாயசெல்வியில் தொடங்கி விசாலாட்சி, ஒச்சம்மா என்று ஒவ்வொரு பெயராக, அவசரமே இல்லாமல். அரங்கில் எங்கோ சிரித்தார்கள். சிரிக்கட்டுமே என்று இருந்தது அவளுக்கு.

ரோபோ தேறிவிட்டது. கேடயம் ஐயாயிரத்துக்குப் போனது. அணித் தலைவி திவ்யா பஸ்ஸில் ஷாதிபூரில் இறங்கும்வரை அவளிடம் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “உன் ஒருத்தியால போச்சு” என்றாள். சார் மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஜட்ஜுங்க முன்னாடி தப்பான நம்பர் சொன்னதுக்கு மன்னிப்புன்னு எழுதிக் குடு. திங்கக்கிழமை குடுத்தா சென்னை டிக்கெட்ல உன் பேர் இருக்கும். இல்லேன்னா நாலு பேர் போதும் எனக்கு.”

வீட்டில் அம்மா உடனே சொல்லிவிட்டாள். “எழுதிக் குடுத்துட்டுப் போ பிள்ள. காகிதந்தான?” அப்பா வலையிலிருந்து தலையைத் தூக்காமல், “உனக்க இஷ்டம் மக்களே” என்றார். மகள் சென்னை பார்க்க வேண்டும் என்று அவளைவிட அவருக்குத்தான் ஆசை. அது அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை கோயில் ஹாலுக்கு ஒச்சம்மா வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. ஒச்சம்மா ஃபெரியில் கடலை விற்பவள், புருஷனுக்கு ஒரு டுங்கி உண்டு. கையிலிருந்த டப்பாவை மேசையில் டொக்கென்று வைத்தாள்.

“பதினொன்னுன்னு பெருமையாச் சொல்லிட்டு வந்தியாமே? என்னை எதுக்குடி அதுல சேத்த? நேத்து எங்க டுங்கில கெண்டைக்கால் வரைக்கும் தண்ணி. இது வாயே தொறக்கல!”

ஆக்சிலியா டப்பாவைத் திறந்தாள். ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. பற்றவைத்த இடத்தில் ஈயம் ஒட்டவே இல்லை.

“இத யாரு பத்தவச்சதுக்கா?”

“யாரா? நீதான்! என் கை நடுங்குதுன்னு புடுங்கி நீயே வச்ச. நான் சும்மா பாத்துக்கிட்டுல்ல இருந்தேன்?”

ஆக்சிலியாவுக்குக் காது சுட்டது. மேடையில் தான் சொன்னது அவளுக்கே திரும்பி வந்தது. ஃபெரிக்காரர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். படகு மூழ்கியிருந்தால் தன் பதினொன்று யாரைக் காப்பாற்றியிருக்கும்? வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. சால்டரிங் அயனைச் சூடாக்கி ஒச்சம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒச்சம்மா இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டாள். ஆக்சிலியாவின் பரம்பரையையே திட்டினாள். மூன்றாவது முறை ஈயம் பிடித்தது. வாளித் தண்ணீரில் இறக்கியதும் டப்பா போட்ட கூச்சலில் கோயில் புறாக்கள் பறந்தன.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை. ஆக்சிலியா அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கடிதம் கொடுத்தாள். சார் நின்றுகொண்டே படித்தார்.

‘நடுவர்கள் முன் தவறான எண்ணைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பதினொன்று என்று சொன்னேன். அன்று பத்துதான். சனிக்கிழமை மாலை நாலரை மணியிலிருந்துதான் பதினொன்று. இப்படிக்கு, ஜே. ஆக்சிலியா.’

“இதையா நான் எழுதச் சொன்னேன்?”

“தப்பான நம்பருக்குத்தான சார் மன்னிப்பு கேக்கச் சொன்னீங்க?”

சார் கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு, “டிக்கெட் நாலுதான்” என்றார்.

“சரி சார்.”

சாத்தத்தில் ஃபெரி ஏறும்வரை தாங்கினாள். ஏறியதும் அழுதுவிட்டாள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று. கடலைக் கூடையோடு வந்த ஒச்சம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள்.

“சென்னை போச்சா?”

“போச்சுக்கா.”

“அந்த வாத்தியார் ஒருநாள் இதே ஃபெரில வருவாருல்ல, வரட்டும், வச்சுக்கறேன். அது கிடக்கட்டும். வர்ற சனிக்கிழமை என் நாத்தனாரையும் கூட்டிட்டு வரவா? அப்ப பன்னெண்டு ஆயிடும்ல?”

ஆக்சிலியா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“கூட்டிட்டு வாங்க. அவங்க டப்பா கத்தட்டும். அப்பறந்தான் எண்ணுவேன்.”