எல்லாக் கேள்விக்கும் தப்பு

எனக்குக் கோபம் பொசுக்கென்று வந்துவிடும். புள்ளியியல் துறையில் என் அறைக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் பிள்ளைகள் ஒரு தரம் மூச்சை இழுத்து விட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு அந்தப் பெண் தட்டியபோது நான் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் எல்லோரும் அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்களைவிட மூத்தவள், பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். காலையில் மருந்துக்கடையில் வேலை, மதியத்துக்கு மேல் வகுப்பு. இடம் தாமதமாகக் கிடைத்ததால் பாடம் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தவள். நான் கம்ப்யூட்டரில் வைத்த வாரத் தேர்வு அத்தனையிலும் அவள் பூஜ்யம். வாரத் தேர்வில் தேறாதவர்களை இறுதித் தேர்வில் உட்கார விடமாட்டார்கள். ஏற்கெனவே ஒரு முறை படிப்பைப் பாதியில் விட்டவள். இந்த முறையும் விட்டால் அவ்வளவுதான், இடம் போய்விடும். அவளை நீக்கும் உத்தரவு துறைத் தலைவரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

“படிக்க இஷ்டமில்லன்னா சொல்லிடும்மா. எதுக்கு என் உயிரை வாங்குற?” என்றேன்.

அவள் திருதிருவென்று விழித்தாள். “நல்லாத்தானே மேடம் படிக்கிறேன்?”

“ஆமா, படிச்ச லட்சணத்தைப் பாரு!” திரையை அவள் பக்கம் திருப்பினேன். “இதுவும் தப்பு, இதுவும் தப்பு, எல்லாமே...”

என் வாய் அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருந்தேன். ஒன்றுமே தெரியாதவள் கண்ணை மூடிக்கொண்டு குத்தினால்கூட நாலில் ஒன்று சரியாக விழுந்திருக்கும். இவளுக்கு ஒன்றுகூட விழவில்லை. இதைப் பார்க்காமல் இத்தனை நாள் பாடம் நடத்தியிருக்கிறேனே, நானெல்லாம் ஒரு புள்ளியியல்காரி!

“வேணும்னே தப்பா போட்டியா?”

“ஆமா மேடம்.” அதில் அவளுக்கு ஒளிவு மறைவே இல்லை. “சரியா போட்டா அது ஒரு பச்சை டிக்கைக் காட்டிட்டு அடுத்த கேள்விக்கு ஓடிடுது. தப்பா போட்டாத்தான் ஏன் தப்புன்னு சொல்லிக்கொடுக்குது. எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க! அதைப் படிக்கத்தான் வாரா வாரம் காத்துக்கிட்டிருப்பேன்.”

“அடப்பாவி, அதெல்லாம் மார்க்கு!”

“மார்க்கா? மேல ‘பயிற்சி’ன்னு போட்டிருக்கே?”

“மார்க்கு உண்டுன்னு முதல் வகுப்புலயே சொன்னேனே...” என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். முதல் வகுப்பில் அவள் எங்கே இருந்தாள்?

விடுமுறை முழுவதும் உட்கார்ந்து எழுதிய விளக்கங்கள் அவை. சரியாகப் போட்டவன் கண்ணில் படாது, தப்பாகப் போட்டவன் படிக்க மாட்டான் என்று மனம் வெறுத்துப் போயிருந்தேன். படித்த ஒரே ஆளையா துரத்தப் போகிறோம்?

அவளை இழுத்துக்கொண்டு தலைவர் அறைக்கு ஓடினேன். எதைக் கேட்டாலும் “சராசரி என்ன?” என்று திருப்பிக் கேட்பதால் அவருக்கே நாங்கள் ‘சராசரி’ என்று பெயர் வைத்திருந்தோம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தவரிடம் நடந்ததைக் கொட்டினேன்.

“பூஜ்யம்னா பூஜ்யம்தான் மேடம். அழகா ஒரு கதை சொன்னா மாறிடுமா?”

“கதை வேண்டாம் சார், நிகழ்தகவு பாருங்க. எதுவும் தெரியாதவ கண்டபடி போட்டிருந்தா இத்தனை கேள்வியும் தப்பாகுமா? எல்லாத்தையும் தப்பா போடணும்னா எல்லாம் தெரிஞ்சிருக்கணும் சார்!”

பேனா நின்றது. மனிதர் முசுடுதான், ஆனாலும் கணக்குத் தெரிந்தவர். பக்கத்தில் கிடந்த தாளில் நாலில் மூன்றை மறுபடி மறுபடி பெருக்கிப் பார்த்தார். வந்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகமே சொன்னது.

“சரி. இங்கயே, என் கண் முன்னால புதுத் தேர்வு எழுதட்டும். ஒண்ணு தப்பினாலும் பேச்சே கிடையாது.”

அக்கா அவருடைய கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வரிசையாகப் பச்சை டிக் விழுந்துகொண்டே வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைசிக் கேள்வியில் அவள் கை நின்றுவிட்டது.

எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று மாதிரிக்கு எடுத்த சிலவற்றிலிருந்து கணக்கிடும்போது எதால் வகுக்க வேண்டும்? எடுத்தவற்றின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்க வேண்டும். மனப்பாடம் செய்த எவனும் சொல்லிவிடுவான். அவளுடைய அம்புக்குறி சரியான விடைக்குப் போனது, தயங்கியது, மெல்ல நகர்ந்து தப்பான விடைக்கு வந்தது.

“என்னம்மா பண்ற?”

“விடை தெரியும் மேடம். ஏன்னுதான் தெரியல. சரியா போட்டா சொல்லாதே...”

“அடியே, சரியானதைப் போட்டுத் தொலை! நான் சொல்றேன்!” நான் கத்திய கத்தலில் வராந்தாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டிக் விழுந்தது. சராசரி பேனாவை மூடினார். நீக்கும் உத்தரவை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இப்ப சொல்லுங்க மேடம். ஏன் ஒண்ணைக் குறைக்கணும்?”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். “நாலு பேர் நிக்கிறாங்கன்னு வச்சுக்கோ. அவங்க உயரத்தோட சராசரியை உனக்குச் சொல்லிட்டேன். மூணு பேரோட உயரம் தெரிஞ்சா, நாலாவது ஆளைக் கேக்கணுமா?”

அவள் விரல் விட்டு எண்ணி யோசித்தாள். “வேண்டாமே, நாமளே கண்டுபிடிச்சிடலாம்.” சட்டென்று முகம் விரிந்தது. “அப்போ அந்த நாலாவது ஆள் புதுசா ஒண்ணுமே சொல்லல! அதான் ஒண்ணு குறையுதா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ வருஷமாக அந்த ஒன்றைக் கரும்பலகையில் கழித்துக் காட்டியிருக்கிறேன். ஏன் கழிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்ட முதல் ஆள், பூஜ்யம் வாங்கியதற்காக நாங்கள் வெளியே அனுப்பப் பார்த்த இவள்தான்.