பாதிக் குளிர்

சிங்கப்பூரின் கிளமெண்டியில் ஆறாவது மாடியில் இருக்கும் சந்திரமதியின் சமையலறைக்குக் குளிர்காலம் ஒரு நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு வந்து சேர்ந்தது. வெளியே இருபத்தாறு டிகிரி. அவளுக்கு முதலில் தெரிந்தது தேங்காய் எண்ணெயில்தான். மேடைமேல் வைத்த எண்ணெய் உறைந்து இந்த ஊரில் அவள் பார்த்ததில்லை. அன்று போத்தலைக் கவிழ்த்தால் வெள்ளை மெழுகாக அப்படியே நின்றது. அடுத்துக் குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது. வாய் திறந்தால் புகை வந்தது. ஓர் அடி பின்னால் நகர்ந்து கூடத்தில் கால் வைத்தாள், புழுக்கம். மறுபடி சமையலறைக்குள் வைத்தாள், குளிர். எல்லை வாசற்படியில் சரியாக இருந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். முதல்நாள் மாலை மகன் ஸ்ரீநாத் கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசினான். வின்னிபெக் நகரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மூக்கு எரிகிறது, மூச்சு இழுத்தால் நெஞ்சு வலிக்கிறது என்றான். பெற்றவள் வேறென்ன சொல்வாள்? "அந்தக் குளிர்ல பாதிய எங்கிட்ட அனுப்பிடுப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். வாய்ப்பேச்சாகத்தான் சொன்னாள். அது காரியமாகிவிட்டது. அந்த ஆண்டு ஸ்ரீநாத் கையுறை போடாமல் வேலைக்கு நடந்துபோவதைப் பார்த்து அவனோடு வேலை செய்தவர்கள் வியந்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் வருடத்தில் ஐந்து மாதம்தான். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து மகள் தாரணி மெல்பர்னுக்குக் கிளம்பினாள். விமான நிலையத்தில் அவளைக் கட்டிக்கொண்டபோது, மகனுக்குச் சொன்னதை மகளுக்குச் சொல்லாவிட்டால் ஓரவஞ்சனை ஆகுமே என்று அதே வாக்கியத்தை அவளுக்கும் சொல்லிவைத்தாள் சந்திரமதி. மெல்பர்னில் ஜூனில் குளிர் தொடங்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அதிலிருந்து நவம்பர் முதல் மார்ச் வரை மகனின் குளிர், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மகளின் குளிர். மகனுடையது உலர்ந்தது, அலமாரிக்குமேல் மெல்லப் பனியாக இறங்கும். மகளுடையது ஈரமானது, காற்றும் தூறலும் கலந்தது, காயப்போட்ட கரித்துணி காயவே காயாது. ஏப்ரலில் பனி உருகித் தரையில் ஓடும். மூன்று வாளித் தண்ணீர் துடைத்து எடுப்பாள். அவளுக்கென்று மிஞ்சியது மேயும், செப்டம்பர், அக்டோபரும்.

ஏர்கான் பழுதுபார்க்கும் அதீஃப் ஒருமுறை வந்து பார்த்தான். குளிர் எங்கிருந்து வருகிறது என்று அரைமணி நேரம் தேடினான். "அக்கா, இங்க ஏர்கானே இல்லையே" என்றான். இல்லை என்றாள். தேநீர் குடித்துவிட்டுப் போனான்.

குளிரைச் சமையலறையோடு நிறுத்திவைத்தது அவள் காய்ச்சிய மணப்பாகு என்ற இருமல் மருந்துதான். பல் மருத்துவமனை ஒன்றில் பதிவு மேசை வேலை முடிந்ததும் சனிக்கிழமைகளில் தேக்கா சந்தைக்குப் போவாள். ஆடாதோடை இலை, சித்தரத்தை, அதிமதுரம், திப்பிலி, பனங்கற்கண்டு. துளசியும் கற்பூரவல்லியும் வீட்டு வாசல் நடைவழியில் தொட்டியிலேயே இருந்தன. எல்லாவற்றையும் இடித்துப் போட்டு, தண்ணீர் கால்பங்காகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, வடிகட்டி, கற்கண்டு சேர்த்து, இரண்டு மணி நேரம் கிண்ட வேண்டும். இரண்டு விரலில் தொட்டு இழுத்தால் மெல்லிய கம்பி வர வேண்டும். பிறகு போத்தல்களில் ஊற்றி, பழைய துண்டில் சுற்றி, அந்தப் பக்கம் போகிறவர்களின் பெட்டியில் கொடுத்தனுப்புவாள். பிள்ளைகள் காலையில் ஒரு கரண்டி குடித்தார்கள், இருமல் அண்டவில்லை. நான்காம் ஆண்டில் கை வலிக்கிறது என்று ஒரு மாதம் காய்ச்சாமல் விட்டாள். தாரணி மூன்று வாரம் நெஞ்சுச் சளியோடு படுத்தாள், உறைபனி வாசற்படியைத் தாண்டிக் கூடத்துத் தரையில் இரண்டு தரைக்கல் அளவுக்கு வந்துவிட்டது. அதன்பின் அவள் விடவில்லை. குளிரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று சில தடவை தொலைபேசியைக் கையில் எடுத்ததுண்டு. பிள்ளைகளின் குரலைக் கேட்டதும், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவாள்.

கணவர் மாசிலாமணி தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். முப்பத்தோரு ஆண்டு மணவாழ்க்கையில் சமையலறைக்குள் நுழையாதவர். தட்டை வாசற்படியில் நின்றபடி நீட்டுவார், தண்ணீரும் அங்கேயே நின்று வாங்கிக்கொள்வார். காலில் குளிர்ச்சி படும்போதெல்லாம், "சந்திரா, பிரிட்ஜ் கதவ மூடும்மா" என்பார். அவள் மூடிவிட்டதாகச் சொல்வாள். ஆறு ஆண்டுகள் இப்படியே போயின.

ஏழாம் ஆண்டு ஜனவரியில் சந்திரமதிக்கே இருமல் வந்தது. மருத்துவர் இரண்டு நாள் விடுப்பு எழுதிக்கொடுத்தார். அது போதவில்லை. கைவிரல்கள் வெடித்திருந்தன. வேலையிடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒரே ஒரு முழுநாள், உடம்பு வியர்க்க, எதையும் கிண்டாமல் படுத்துக் கிடக்க முடியுமா என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்த ஒருநாளுக்குப் பயந்தாள். நிறுத்தினால் எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ.

ஒருநாள் காலை நடைவழியில் துளசி பறித்துக்கொண்டிருந்தபோது இருமல் அவளைக் குனியவைத்துவிட்டது. எதிர்வீட்டு ஹலீமா தன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஊரு உலகத்துக்கே மருந்து காய்ச்சி அனுப்புறீங்க. அதுல ஒரு கரண்டி குடிச்சா என்னவாம்?"

"கிண்டுறவ குடிக்கக் கூடாது ஹலீமா. எங்க மாமியார் வீட்டு வழக்கம். குடிச்சா எல்லார் சீக்கும் அவளுக்கு வந்துரும்னு சொல்வாங்க."

"இப்ப மட்டும் வரலையாக்கும்?"

முப்பத்தோரு ஆண்டாக விரலில் ஒட்டிய பாகைக்கூட நக்காமல் குழாயில் கழுவிவந்தவள் சந்திரமதி. சட்டியில் ஒட்டியதை வெந்நீர் விட்டுக் கலக்கி மாசிலாமணிக்குத்தான் கொடுப்பாள்.

ஹலீமா குவளையைக் கீழே வைத்தாள். "சரி, வழக்கத்த மீற வேணாம். கிண்டுறவங்கதானே குடிக்கக் கூடாது? அப்ப அண்ணன கிண்டச் சொல்லுங்க லா. டிவி முன்னாடி சும்மாதானே உக்காந்திருக்காரு."

சந்திரமதிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலாயிற்று. இவ்வளவு சுலபமான வழி இத்தனை காலம் அவளுக்குத் தோன்றவேயில்லை. மாமியாருக்கும் தோன்றியிருக்காது. அந்த வீட்டில் எந்த ஆணும் கரண்டியைத் தொட்டதில்லை.

வீட்டுக்குள் போய்க் கஷாயத்தை வடிகட்டி, கற்கண்டைப் போட்டு, அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"ஏங்க, பாகு அடுப்புல இருக்கு. நீங்க போய்க் கிண்டுங்க."

"நானா?"

"நீங்கதான். கம்பி வர்ற வரைக்கும்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மாசிலாமணி எழுந்துபோனார். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தார். தலைமுடியில் பனித்துகள் இருந்தது.

"சந்திரா, உள்ள குளுருது."

"ஆமா."

"எவ்வளவு நாளா?"

"ஆறு வருசமா."

"நான் பிரிட்ஜுனு நெனச்சேன்" என்றார். பிறகு படுக்கையறை அலமாரியைத் திறந்து, மகனைப் பார்க்கப் போகும்போது போடலாம் என்று வாங்கி, பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத கம்பளி அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

முதல் பாகு கெட்டுப்போனது. நாற்பது டன் பெட்டியை அங்குலம் பிசகாமல் இறக்கியவருக்குக் கம்பிப்பதம் பிடிபடவில்லை. இறுகிக் கல்லாகிவிட்டதை இடிகல்லால் உடைத்து, ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். சந்திரமதி அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். காரமாக இருந்தது, லேசாகக் கசந்தது. ஸ்ரீநாத் இதைக் குடித்த ஒவ்வொரு தடவையும் ஏன் முனகினான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மறுநாள் இருமல் தளர்ந்தது. அடுத்த வாரப் பாகு போத்தலில் ஊற்றும்படி வந்தது. பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று, மூன்றாவது அவளுக்கு. சட்டி கழுவிய தண்ணீர் இனி மாசிலாமணிக்கு இல்லை, கிண்டியவர் அவர்தானே. அதுவும் அவளுக்கே வந்தது. பங்கீடும் பேசாமலே முடிவானது. மகனின் குளிர் அவருக்கு, மகளின் குளிர் இவளுக்கு.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு பிற்பகல், வெளியே முப்பத்துமூன்று டிகிரி. சந்திரமதி கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாயில் படுத்திருந்தாள். கழுத்திலும் முதுகிலும் வியர்வை வழிந்தது. அவள் துடைக்கவில்லை. கண் சொக்கும் நேரத்தில் சமையலறையிலிருந்து மாசிலாமணியின் குரல் வந்தது.

"சந்திரா, இங்க பனி நல்லா கொட்டுது."

"கொட்டும்" என்றாள் கண்ணைத் திறக்காமல். "கிண்டுறத நிறுத்தாதீங்க."