அடிவாரத்துப் பச்சை

ஏப்ரல் மாதப் படத்திலும் அந்த இடம் பச்சையாக இருந்தது.

ஹொன்னகட்டே சுரங்கம் மூடிப் பதினெட்டு வருடம் ஆகிறது. தாது பிரித்தபின் கொட்டிய சேறு அங்கே குன்றுபோல் நிற்கிறது. அதைத் தாங்க மண்கரை. கரைக்குக் கீழே பழைய தொழிலாளர்களின் லைன் வீடுகள், இருபத்தாறு. குன்றின்மேல் கன்று நட்டு, புல் விதைத்தார்கள். அவை வளர்கின்றனவா என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொல்வது பெங்களூர் தொம்மலூரில் இருக்கும் இந்த அலுவலகத்தின் பொறுப்பு. மூன்று வருடமாக சௌம்யாவின் வேலை.

படத்தில் செடி பச்சை, வெறும் மண் பழுப்பு. மொத்த இடத்துக்கும் ஒரு சராசரி. சென்ற ஆண்டு சராசரி ஏறியபோது, மீட்பு திருப்தி என்று எழுதினாள். மேலாளர் கோதண்டராமன் அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

கடைசி அறிக்கை இன்று ஐந்து மணிக்குப் போக வேண்டும். அதோடு கண்காணிப்பு முடிகிறது.

மதியம் டீ குடிக்கப் போனாள். எதிரே காலி மனையில் புல் காய்ந்து கிடந்தது. நடுவில் ஓரிடம் மட்டும் பச்சை. காவிரிக் குடிநீர்க் குழாய் கசிகிறது, மூன்று மாதமாகச் சொல்லியும் யாரும் வரவில்லை என்றார் கடைக்காரர். அவள் பாதி டீயை வைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள்.

குன்றின் உச்சியையும் அடிவாரத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டாள். உச்சியில் பழுப்பு. நட்ட கன்றுகள் செத்திருந்தன. பச்சை முழுவதும் கரையின் அடியில், பிறைபோல் ஒரு பட்டை. பிப்ரவரியைவிட மார்ச்சில் நீளம். மார்ச்சைவிட ஏப்ரலில் நீளம். சுற்றிலும் பத்துக் கிலோமீட்டருக்கு எல்லாம் காய்ந்திருந்தது. அங்கே யாரும் தண்ணீர் விடுவதில்லை.

கோதண்டராமனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பச்சை இல்லன்னா கேள்வி கேப்பாங்க சௌம்யா. பச்சை இருக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

அடுத்த படம் வரட்டும், பார்ப்போம் என்றார். அடுத்த படத்துக்கு ஐந்து நாள். அந்த மாவட்டத்தில் இன்று மாலை கனமழை என்று எச்சரிக்கை இருந்தது. மேகம் மூடினால் படத்தில் தரை தெரியாது.

கரைக் காவலர் கிருஷ்ணப்பாவுக்கு ஃபோன் செய்தாள். லைன் வீடுகளில் மூன்றாவது அவருடையது.

"சொல்லுங்க மேடம். மேலேருந்து பாக்குறீங்களே, என் மாடு தெரியுதா?"

"மாடு தெரியாதுண்ணா. பத்து மீட்டருக்கு ஒரு புள்ளிதான்."

"அப்போ என் வீடே ஒரு புள்ளிதான், விடுங்க."

அடிவாரத்துப் புல்லைப் பற்றிக் கேட்டாள். மாடு வேறெங்கும் மேய்வதில்லை என்றார். தரை ஈரமா என்று கேட்டாள். செருப்பு உள்ளே போகும் என்றார்.

"எப்பலேருந்து?"

"தீபாவளிலேருந்து. கரையைப் பாக்க வர்ற இன்ஜினியர்கிட்ட சொன்னேனே. பெங்களூர் ரிப்போர்ட்லயே பச்சைன்னு வந்திருக்கு, நல்லதுதான், போய்யான்னாரு."

 சௌம்யா, கசியும் நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஆட்டாமல் படியில் வைக்கச் சொன்னாள். இருபது நிமிடம் கழித்துப் படமெடுத்து அனுப்ப வேண்டும். நீர் தெளிவாக இருந்தால் அவகாசம் இருக்கிறது. மண்ணோடு வந்தால் நீர் கரையை உள்ளிருந்து அரிக்கிறது; இன்றைய மழைக்கே கரை உடையலாம்.

மணி மூன்று நாற்பது. அவள் எதையும் தொடவில்லை. கோதண்டராமன் இரண்டு முறை அவள் மேசையைக் கடந்து போனார். நான்கு மணிக்குப் படம் வரவில்லை. நான்கு ஐந்துக்கு வந்தது.

படிக்கட்டில் பாட்டில். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சாம்பல்நிற மண்.

கோதண்டராமன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தப்பா இருந்தா?"

"ஜனங்க ஒரு ராத்திரி ஸ்கூல்ல தூங்கிட்டு வருவாங்க, சார்."

"சரியா இருந்தா, போன வருஷ ரிப்போர்ட்?"

"அதுல என் பேருதான் இருக்கு."

அவர் மேசைத் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார்.

மாவட்டப் பேரிடர் அறையில் எடுத்தவர், நிலைமை திருப்தி என்றுதான் தம்மிடம் இருக்கிறது என்று கன்னடத்தில் சொன்னார். அதை எழுதியவளே நான்தான் என்றாள். அவர் பெயரைக் கேட்டார். எழுத்துக்கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார். வண்டி அனுப்பப் பார்க்கிறோம், அதுவரை ஊர்க்காரர்களையே விலகச் சொல்லுங்கள் என்றார்.

கிருஷ்ணப்பாவிடம் சொன்னாள்.  மாட்டை அவிழ்க்கும் சத்தம் கேட்டது.

அறிக்கையைத் திறந்தாள். சென்ற ஆண்டின் முடிவு தவறு என்று முதல் வரியாக எழுதினாள். காரணத்தை அடுத்த வரியில் எழுதினாள். ஐந்து மணிக்குக் கோதண்டராமனே அதை அனுப்பினார்.

ஐந்து இருபதுக்கு கிருஷ்ணப்பா கூப்பிட்டார். அவர் குரலுக்குப் பின்னால் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. வண்டி இன்னும் வரவில்லை. பத்தொன்பது வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். ஏழு வீட்டுக்காரர்கள் அசையவில்லை.

"பெங்களூர்லயே நல்லா இருக்குன்னு எழுதிட்டாங்க, நீ யாருடா சொல்றதுக்குன்றாங்க மேடம். ஸ்பீக்கர்ல போடறேன். நீங்களே சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க, புரியும்."

மழைச் சத்தம் பெரிதானது. யாரோ இருமினார்கள். ஒரு பெண் குரல், சீக்கிரம் சொல்லச் சொல்லு, அடுப்புல சோறு இருக்கு என்றது.

சௌம்யா எழுந்து நின்றாள்.

"அந்த ரிப்போர்ட் எழுதினவ நான்தாங்க" என்றாள். "தப்பா எழுதிட்டேன். அடுப்ப அணைச்சிட்டுக் கெளம்புங்க."

 அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.