சிவந்தி வீட்டுக் கூழைக்கடா

1

நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, கட்டுரை. ஒரு வார இதழில் ஞாயிறு இணைப்புக்கு, படிப்பவர்களுக்குத் தெம்பு தரும்படி ஏதாவது வேண்டும் என்றார்கள். எனக்கு உடனே ரூஹிதான் நினைவுக்கு வந்தாள்.

ரூஹியின் அப்பாவுக்குத் தண்டையார்பேட்டையில் பெயின்ட் கடை. விலங்கியல் படித்தவள், வாரநாட்களில் கடையில் உட்காருவாள். ஞாயிறு காலையில் எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பறவையும் நண்டும் காட்டுவாள். காரில் வந்து கேமராவோடு இறங்குகிறவர்களை அவள் தேடியதில்லை. அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கும் சாம்பலுக்கும் நடுவில் குடியிருப்பவர்கள்தான் அவளுக்கு வேண்டும். "அவங்க ஒருதடவ பாத்துட்டா போதும், அப்புறம் விட மாட்டாங்க" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். கட்டுரையை இப்படித் தொடங்கினேன்:

சாம்பல் நிற வானத்தின் கீழே வெள்ளைச் சிறகுகள் விரிய

[அடித்துவிட்டேன். அங்கே வானம் சாம்பல் நிறத்தில் இருப்பது அழகுக்காக அல்ல.]

2

சிவந்தி இல்லாமல் ரூஹியைப் பற்றி எழுத முடியாது.

சிவந்தி எர்ணாவூர் குடிசைமாற்று வாரியக் குடியிருப்பில் தையல் வேலை செய்கிறாள். கணவன் டென்னிஸ், துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். ரூஹி துணி தைக்கக் கொடுப்பது அவளிடம்தான். ஒரு ஞாயிறு அவளை வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போனாள். பிறந்ததிலிருந்து அந்த ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தும், மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடப்பதோடு சரி, சிவந்தி அதை நின்று பார்த்ததில்லை.

அன்று, அலகின் கீழே பை தொங்கும் பெரிய நீர்ப்பறவைகளான கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனை ஆழமில்லாத பக்கம் ஓட்டிக்கொண்டு வந்தன. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தண்ணீருக்குள் விட்டன. சிவந்தி அசையாமல் பார்த்தாளாம். பிறகு சொன்னாளாம்: "கூட்டா வேல செய்துங்க பாரு. எங்க காம்பவுண்ட்ல இத்தினி பேர் கீறோம், ஒரு மோட்டார் ரிப்பேர் பண்ண ஒண்ணு சேர மாட்டோம்."

அதன்பின் அவள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டி வந்தாள். கொஞ்ச நாளில் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே விளக்கம் சொல்லத் தொடங்கினாள். ரூஹி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

என் கட்டுரை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடித்தும் இருந்தேன். அனுப்புவதற்குள் மழை வந்துவிட்டது.

3

வெள்ளம் வடிந்த வாரத்தில் ஆற்றில் எண்ணெய் வந்தது. கறுப்பாகத் தண்ணீரின் மேல் போர்த்திக்கொண்டு வந்து படகு, வலை, அலையாத்திச் செடிகளின் வேர், வீட்டுப் படி என்று எல்லாவற்றிலும் அப்பியது. (எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் எல்லோரும் கேட்கிறார்கள், யாரும் பதில் சொல்வதில்லை.)

கரையில் ஒரு கூழைக்கடா கல்லின் மேல் உட்கார்ந்திருப்பதைச் சிவந்தி பார்த்தாள். இறக்கையை விரிக்க முயன்றது. ஒட்டிக்கொண்டு விரியவில்லை. அவள் ரூஹிக்குப் போன் செய்தாள். தொடாதீர்கள், அந்த எண்ணெய் தோலுக்கு ஆகாது, பறவைகளை மீட்கிறவர்களிடம் சொல்லிவிட்டேன், வந்துவிடுவார்கள் என்றாள் ரூஹி. அப்படித்தான் சொல்ல வேண்டும். சிவந்தி காத்திருந்தாள். யாரும் வரவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் எண்ணெய்க்குள் இறங்கி, லைனிங் துணியில் அதைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

4

இந்த இடத்தில் டென்னிஸைப் பற்றி முதலில் எழுதியது: "'வூட்டுக்குள்ள இன்னாத்த கொண்டாந்துகீற' என்று டென்னிஸ் கத்தினான்."

[ரூஹி இதைப் படித்துவிட்டு, அவர் அப்படிக் கத்தவே இல்லை என்றாள். சொரணை இல்லாத கணவன் ஒருவன் கதைக்கு வசதியாக இருப்பான் என்று நானாகச் சேர்த்தது. எடுத்துவிட்டேன்.]

நடந்தது வேறு. டென்னிஸ் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அதன் அலகைப் பிடித்துக்கொண்டான். சிவந்தி பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து, வெறுங்கையால் இறகு இறகாகக் கழுவினாள். வீட்டில் இருந்த தண்ணீரெல்லாம் தீர்ந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் குடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

விடிந்தபோது பறவை இறந்திருந்தது. சிவந்தியின் இரண்டு கைகளும் முழங்கை வரை கொப்புளித்துப் போயிருந்தன. ஊசி பிடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

5

ரூஹி பார்க்கப் போனாள். தையல் மெஷின் மேல் துணி மூடியிருந்தது. சிவந்தி கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்தபடி பேசினாள்.

"ஒண்ணு கேக்கட்டா ரூஹிம்மா? முன்ன ஆத்துப் பக்கம் மூக்க பொத்திகினு பூடுவேன். எது செத்தா எனக்கு இன்னா, எது பொழச்சா எனக்கு இன்னா. நிம்மதியா இருந்தேன். நீ ஏன் என்ன இட்டுகினு போயி காமிச்சே?"

"அக்கா, மன்னிச்சு..."

"உன்ன திட்டல. கேக்கறேன்."

ரூஹி வீட்டுக்கு வந்ததும், இனிமேல் ஞாயிறு நடை கிடையாது என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். ஏன் என்று நான் கேட்டேன். "ஒருத்தரக் கூட்டிட்டுப் போறேன். அவங்களுக்கு அங்க ஒண்ணு பிடிச்சுப் போகுது. அப்புறம் அது சாகுது. நான் செஞ்சது இவ்ளோதான்" என்றாள்.

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: குடியிருப்புப் பெண்கள் சாலையில் உட்காருகிறார்கள். ஆறு சுத்தமாகிறது. கூழைக்கடாக்கள் திரும்புகின்றன. [பெண்கள் உட்கார்ந்தது உண்மை. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அடுத்த வாக்கியத்தை எழுதக் கை வரவில்லை.]

இரண்டு: ரூஹிக்கு வேறு மாநிலத்தில் ஒரு சரணாலயத்தில் வேலை கிடைக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்குச் சுத்தமான தண்ணீரில் நிற்கும் பறவைகளைக் காட்டுகிறாள். அவளே படித்துவிட்டு, "இது நடந்தாலும் நடக்கும், அதனால எழுதாதீங்க" என்றாள்.

மூன்று: சிவந்தி மறந்துபோகிறாள். கை ஆறுகிறது, மெஷின் ஓடுகிறது, பாலத்தில் மறுபடியும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறாள். மூன்றில் கருணையான முடிவு இதுதான். இதையே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது

7

ரூஹி கூப்பிட்டாள். டென்னிஸ் கடைக்கு வந்திருந்தானாம்.

கடையில் ஆள் போகும்வரை ஒதுங்கி நின்றிருக்கிறான். பிறகு போனைத் திறந்து நீட்டினான். எல்லாம் படங்கள். எண்ணெய் பூசிய சேற்றில் செத்துக் கிடக்கும் உயிர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. சிவந்தி தினமும் ஆற்றங்கரைக்குப் போகிறாளாம். கட்டுப் போட்ட கையால் போனைப் பிடிக்க முடியாததால் இவனைக் கூட்டிப் போய் எடுக்கச் சொல்கிறாளாம்.

"இதுங்க எதுவும் இன்னாதுன்னு அவளுக்குத் தெரில. உன்னாண்ட கேட்டுகினு வரச் சொன்னா. செத்தப்புறமாச்சும் இன்னா இன்னா இருந்திச்சின்னு தெரிஞ்சிக்கணுமாம்."

பிறகு அவனாகவே சொன்னான்: "அவ தூங்கறதில்ல. நீ சொன்னேன்னா இன்னும் ஜாஸ்தியாவும். சொல்லலன்னா அவளே கிளம்பி வந்துருவா. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரிலம்மா."

ரூஹி முதல் படத்தைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியும். எங்கே முட்டையிடும், எதைத் தின்னும், எந்த மாதத்தில் கரைக்கு வரும், எல்லாம் தெரியும். சொன்னால், சிவந்திக்கு அழுவதற்கு இன்னொன்று சேரும். தெரியாது என்று சொன்னால், அப்படி ஒன்று அங்கே வாழவே இல்லை என்று ஆகிவிடும்.

ரூஹி அவனிடம் சொன்னதை நான் எழுதினேன், எடுத்தேன். மறுபடி வேறு மாதிரி எழுதினேன், அதையும் எடுத்துவிட்டேன். என்னால் முடியவில்லை. டென்னிஸ் இன்னும் போனை நீட்டியபடி கடையில்தான் நிற்கிறான். நீங்கள் ஏதாவது சொல்லி அனுப்புங்கள். வீட்டில் சிவந்தி காத்துக்கொண்டிருக்கிறாள்.