திம்மராயனுக்குப் பழக்கிய பதில்

1

இந்தக் கதை ஒரு பேட்டியிலிருந்து பிறந்தது. அந்தப் பேட்டியே பொய் என்று ஒருவர் சொன்னார். அவரையும் நான் நம்பவில்லை. நீங்களும் என்னை நம்பாமலே படியுங்கள்.

2

பாகலூர் எண்ணெய் ஆலையில் எதிர்பாராத விதமாக

(வேண்டாம். 'எதிர்பாராத' என்பது முதலாளியின் சொல். கொதிகலன் ஒழுகுவது ஆலைக்கே தெரியும்.)

மாநிலங்களைப் பிரித்த வருஷம். கொதிகலன் வெடித்துக் கரியப்பன் செத்துப்போனான். கூட நின்ற திம்மராயன் பிழைத்தான். பத்திரிகைக்காரர்கள் வருமுன் அவனுக்குப் பதில் பழக்க, மதராசிலிருந்து வேதாசலம் என்பவரை முதலாளி வரவழைத்தார்.

3

வேதாசலமே நிருபராக நடித்தார்.

"கரியப்பன் குடிச்சிருந்தானா?"

"ஆமாங்க. நான் சொல்லிப் பாத்தேன். கேக்கலைங்க."

"தலையைக் குனியாதே. திரும்பச் சொல்லு."

"அவன் கள்ளத் தொட்டதே இல்லீங்களே..."

"மதுவிலக்கு இந்தப் பக்கம்தானேப்பா. எல்லை தாண்டி மைசூர்ப் பக்கம் போய்க் குடிச்சான்னா யார் நம்பமாட்டா? சொல்லலைன்னா உனக்கு இங்கே வேலை இல்லை."

நாலாம் தடவை திம்மராயன் தலை நிமிர்ந்து சொன்னான். இத்தனை சுருக்காகக் கற்றுக்கொண்டானே என்று எனக்கே அவன்மேல் சந்தேகம். அவனுக்கு நோயாளி மனைவி ஒருத்தியை எழுதிக் காப்பாற்றப் பார்த்தேன், பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன்.

4

வந்தவர் பெங்களூர்ப் பத்திரிகைக்காரர். ஆலை வாசலில் நின்று அதே கேள்வியைக் கன்னடத்தில் கேட்டார்: "கரியப்பா குடிதித்னா?"

வேதாசலம் பழக்கியதெல்லாம் தமிழில். பாகலூரில் ஒரே வாய் மூன்று பாஷை பேசும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. (முதலாளிக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை?)

கரியப்பன் மனைவி நஞ்சம்மாவும் அங்கே நின்றாள். மைசூர்ச் சீமையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தமிழ் அவளுக்கு அரைகுறை. அவளுக்குப் புரியாமல் தமிழில் சொல்லித் தப்பிவிடலாம் என்றுதான் திம்மராயன் இருந்தான். பாவி, அது ஒன்றுதான் அவனுக்கு இருந்த தைரியம்.

"ஹேளண்ணா," என்றாள் நஞ்சம்மா. சொல்லுண்ணா.

5

முடிவு ஒன்று: 'இல்லை' என்கிறான், வேலை போகிறது. (அவனை நல்லவனாக்கினால் எனக்கும் நல்ல பெயர். அதனாலேயே இதை நம்ப மாட்டேன்.)

முடிவு இரண்டு: 'ஹௌது', ஆமாம் என்று அவன்

எழுதக் கை வரவில்லை.

நீங்கள் வந்து அந்த வாசலில் நில்லுங்கள். இந்த வேலையை விட்டால் உங்களுக்கும் வேறு பிழைப்பில்லை. வேதாசலத்தைப் பார்க்காதீர்கள், என்னையும் பார்க்காதீர்கள். நஞ்சம்மாவின் முகத்தைப் பார்த்து, அவளுக்குப் புரிகிற பாஷையில் சொல்லுங்கள்: அவள் புருஷன் குடித்திருந்தானா?